ஆறு இருபதுக்கு ஒருவர்

என் அக்காவின் கணவருக்கு ஊரில் 'டிகிரி சார்' என்று பேர். படித்தது பத்தாம் வகுப்புதான். முப்பத்தோரு வருடம் வீடு வீடாக ஏறி இறங்கி, மின்சார மீட்டரில் ஓடும் எண்ணைக் குறித்துக்கொண்டு வந்தவர். எண் என்றால் அவருக்கு அப்படி ஒரு மரியாதை. நாலு என்றால் நாலு, நாலரை என்றால் நாலரை. 'கிட்டத்தட்ட' என்று யாராவது ஆரம்பித்தால் அவருக்கு முகமே மாறிவிடும்.

அப்பேர்ப்பட்ட மனிதர் வாழ்க்கையில் ஒரே ஒரு எண்ணைத் தப்பாகப் படித்தார். அந்தத் தப்புக்கு நான்தான் காரணம். கோபக்காரன், வாய்த்துடுக்கு உள்ளவன் என்றெல்லாம் எனக்குப் பேர் உண்டு. இதைப் படித்து முடித்தபின் நீங்களும் நாலு வார்த்தை சேர்த்துத் திட்டிக்கொள்ளலாம்.

நான் பெருநகரத்தில் பல் செட் செய்கிறவன். டாக்டர் இல்லை. டாக்டர் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார். நான் அதில் பிளாஸ்டர் ஊற்றிப் பல் கட்டிக் கொடுப்பேன். அத்தானும் அக்காவும் இருப்பது எட்டு மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டிய மலையடிவாரத்துச் சிற்றூர்.

அவர்கள் வீட்டுப் பின்பக்கம், துணிக் கொடிக்கு அப்பால், நெஞ்சு உயரத்துக்கு ஒரு கம்பம். அதன்மேல் வெள்ளையடித்த மரப்பெட்டி. காற்றுப் போய்வர நாலு பக்கமும் சாய்வுச் சட்டங்கள். உள்ளே வெப்பமானி. தினமும் காலை ஐந்தே முக்காலுக்கு அத்தான் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு போய், பெட்டியைத் திறந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார். மூச்சுக்காற்று பட்டால் எண் ஏறிவிடுமாம். பார்த்த எண்ணை ஊருக்கென்று ஒரு வெப்சைட்டில் போடுவார்.

"மூச்சு விடாம பொய் சொல்றவங்களைப் பாத்திருக்கேன் அத்தான். மூச்சு விடாம உண்மை சொல்ற ஆள் நீங்க ஒருத்தர்தான்" என்று கிண்டல் செய்வேன்.

"ஜன்னலைத் திறந்தா தெரியுறதுக்கு எதுக்கு அத்தான் ஒரு வெப்சைட்டு?" என்றும் கேட்டிருக்கிறேன். ஒரு தடவை இல்லை, போகும்போதெல்லாம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அந்த வெப்சைட்டை உண்டாக்கியது அவர் இல்லை. அவருடைய ஒரே மகள். வீட்டில் எல்லோருக்கும் அவள் குட்டி. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது வாசலில் ஒற்றைக் காலில் நின்று ஷூ மாட்டிக்கொண்டே "அப்பா, ஸ்வெட்டரா குடையா?" என்று கத்துவாள். அதற்குப் பதில் சொல்லத்தான் அவர் வெப்பமானியே வாங்கினார். பிறகு அவள் தோழிகளின் வீட்டிலிருந்து போன் வர ஆரம்பித்தது, அப்புறம் தோட்டக்காரர்களிடமிருந்து. பதினான்கு வயதில் குட்டி ஒரு வெப்சைட் பக்கம் செய்து கொடுத்தாள். குறைந்த வெப்பம், காற்று, மழை, நாளைக்கு என்ன என்று நாலு கட்டம். கீழே ஐந்தாவதாக, 'குறிப்பு' என்று ஒரு கட்டம்.

"அதுல என்னம்மா எழுதுறது?"

"உங்களுக்கு என்ன தோணுதோ அதை எழுதுங்கப்பா. வெறும் நம்பரா இருந்தா யாரு படிப்பா?"

சின்னப் பெண் செய்ததல்லவா, ஒரே ஒரு பக்கம்தான். இன்றைக்கு எழுதினால் நேற்று எழுதியது அழிந்துவிடும். எண்களை அத்தான் ஒரு நோட்டில் தனியாக எழுதி வைத்தார். குறிப்பை எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

விளையாட்டாக ஆரம்பித்ததுதான். ஆனால் அந்த ஊருக்கு அது விளையாட்டு இல்லை. சுற்றிலும் மலை, ஊர் கிண்ணத்துக்குள் இருப்பதுபோல் கிடக்கிறது. குளிர் இறங்கிப் பள்ளத்துத் தோட்டங்களில் தேங்கும். அரசாங்க அறிவிப்பு மாவட்டம் முழுக்கச் சேர்த்து ஒரு எண் சொல்லும். பள்ளத்தில் அதைவிட மூன்று குறையும். குளிர்காலம் முடிந்து இளவேனில் எட்டிப் பார்க்கிற ஐந்தாறு வாரம்தான் கண்டம். ப்ளம் மரங்கள் பகல் வெயிலை நம்பிப் பூத்துத் தொலைக்கும். ஒரே ஒரு விடிகாலை உறைபனி விழுந்தால் போதும், பூவெல்லாம் கருகிவிடும். அந்த வாரங்களில் மாலை ஐந்து மணிக்கு அத்தான் பக்கத்தில் எச்சரிக்கை போட்டால் தோட்டக்காரர்கள் ஈர வைக்கோலைக் கொளுத்திப் புகைமூட்டம் போடுவார்கள். போடாவிட்டால் நிம்மதியாகப் படுப்பார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அதே பருவத்தில் குட்டி கல்யாணம் செய்துகொண்டாள். நகரத்தில் வேலை பார்த்த இடத்தில் தானே தேடிக்கொண்ட பையன். அத்தானுக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று வாயைத் திறந்து சொல்லவும் இல்லை. பதிவு அலுவலகத்துக்கு அக்கா வந்தாள், நான் போனேன். அவர் வரவில்லை. "உறைபனி வரும்போல இருக்கு, பக்கத்தை விட்டுட்டு வர முடியாது" என்று சொல்லியனுப்பினார். குட்டி மாலையை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

அன்றைக்கு உறைபனி விழவே இல்லை.

அதற்குப் பிறகு அவள் அப்பாவோடு பேசவில்லை. அக்காவோடு போனில் பேசுவாள். "அப்பா பேச்சை எடுத்தா வச்சிடுவேன்மா" என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். சொன்னபடி இரண்டு தடவை வைத்தும் விட்டாள். அக்கா அதோடு அந்தப் பேச்சை விட்டாள்.

கல்யாணம் முடிந்த ஆறாம் மாதம் அக்கா என்னிடம் புலம்பினாள். "உங்க அத்தான் மூஞ்சி தொங்கியே கெடக்குடா. தோட்டக்காரங்களைத் தவிர யாரும் பாக்கறதில்ல, எதுக்கு எழுதணும்னு கேக்குறார். நீயாவது தினம் அந்தப் பக்கத்தைத் திறந்து பாரேன். ஒரு ஆளாவது கூடட்டும்."

"எனக்கு வேற வேலை இல்லையா?" என்று எரிந்து விழுந்தேன். மறுநாளே பார்க்க ஆரம்பித்தேன். காலை ஆறு இருபது, பிரஷ் வாயில், போன் கையில். பார்க்கிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. அத்தனை வருடம் கிண்டல் செய்துவிட்டு அதைச் சொல்ல எனக்கு வெட்கம்.

குறிப்புக் கட்டம்தான் எனக்கு வேடிக்கையாக இருக்கும். 'பின்பக்கத்து ப்ளம் மரத்தில் பதினோரு மொட்டு. போன வருடம் இதே நாளில் மூன்று.' 'மாடிக் கதவு மழையில் ஊதிவிட்டது. தோளால் இடித்தால் மூடும். இடிக்கிற ஆள் ஊரில் இல்லை.' 'மழை அளக்கும் குவளையில் தவளை. எடுத்து வெளியே விட்டேன். வீட்டில் யாரும் அலறவில்லை.' இவருக்கு வயசாகிவிட்டது, ஊருக்குச் சொல்கிற இடத்தில் வீட்டு விஷயமெல்லாம் எழுதுகிறாரே என்று நினைத்துக்கொண்டே வாய் கொப்பளிப்பேன்.

இந்த வருட இளவேனிலில் ஒருநாள் குறிப்பு இப்படி இருந்தது: 'மூன்று வருடத்துக்கு முன் இதே நாளில் உறைபனி விழும் என்றேன். விழாது என்று எனக்கு அப்போதே தெரியும். என்னை மன்னிக்க வேண்டும்.'

ஏதோ தோட்டக்காரரிடம் சொல்கிறார் என்று நினைத்தேன். என் மரமண்டைக்குத் தேதிகூட உறைக்கவில்லை. அன்று மதியமே, அச்சுக்குக் கரைத்து வைத்திருந்த பிளாஸ்டர் வாளியில் என் போன் விழுந்தது. எடுத்துத் துடைப்பதற்குள் பாதி சிலையாகிவிட்டது. புதுசு வாங்கும்வரை பேச மட்டும் ஒரு பழைய பட்டன் போனை வைத்துக்கொண்டேன். வெப்சைட் பார்க்கவில்லை. யார் கேட்கப்போகிறார்கள் என்றிருந்தேன்.

ஐந்தாம் நாள் காலை பட்டறைக் கதவைத் திறந்தால் அத்தான் நிற்கிறார். கையில் ஒரு துணிப்பை. ஷேவ் செய்யாத முகம். இந்தப் பருவத்தில் அவர் ஊரைவிட்டு அசைந்து நான் பார்த்ததே இல்லை.

"அக்காவுக்கு என்ன?" என்றேன்.

"அவளுக்கு ஒண்ணுமில்ல மாப்ள. வெப்பமானி பாக்கச் சொல்லிக் குடுத்துட்டுத்தான் வந்தேன். குட்டி வீட்டு அட்ரஸ் உன்கிட்ட இருக்குல்ல?"

பல் அச்சுகள் பரப்பிய மேஜை ஓரத்தில் உட்காரவைத்து டீ கொடுத்தேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார். யார் எந்த ஊரிலிருந்து, எத்தனை மணிக்குத் தன் பக்கத்தைப் பார்த்தார்கள் என்று காட்டும் கணக்கு ஒன்று இருக்கிறதாம். உள்ளூரில் அறுபது எழுபது பேர். பக்கத்து ஊர்களில் பத்துப் பதினைந்து. இந்த நகரத்திலிருந்து ஒரே ஒருவர். தினமும் காலை ஆறு இருபது.

"ஆறு இருபதுக்குத்தான் மாப்ள அவ ஸ்கூலுக்கு ஷூ மாட்டுவா. ரெண்டரை வருஷமா ஒருநாள் தப்பினதில்ல. பேச மாட்டேன்னு வைராக்கியம், ஆனா பாக்காம இருக்க முடியல. என் பொண்ணாச்சே. உங்க அக்காகிட்டகூடச் சொல்லல. சொன்னா கலைஞ்சிடுமோன்னு பயம்."

நான் மேஜையில் இருந்த ஒரு பல் அச்சை எடுத்துத் திருப்பி வைத்தேன்.

"அவளுக்காகத்தான் மாப்ள அந்தக் குறிப்பே எழுதினேன். அன்னிக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பாத்தா. அடுத்த நாள்லேருந்து நின்னுபோச்சு. பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். பொய் சொல்லிட்டு வராம இருந்தேன்னு எழுதினதுதான் அவளைச் சுட்டிருக்கும். நேர்ல போய்க் கால்ல விழுந்தாவது கேட்டுடுறேன்."

நான்தான் அத்தான், அந்த ஆறு இருபது நான்தான் என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். நாக்கு வரைக்கும் வந்தது. இவ்வளவு தூரம் வந்துவிட்டார், போய்ப் பார்க்கட்டும், முகத்தை நேருக்கு நேர் பார்த்தால் அப்பாவும் பெண்ணும் பேசிவிடுவார்கள், வந்த காரணம் தப்பாக இருந்தால் என்ன குடிமுழுகிவிடும் என்று கணக்குப் போட்டேன். பல் கட்டுகிறவன் மனுஷர்களைக் கட்டப் புறப்பட்டேன்.

குட்டி மூன்றாம் மாடியில் குடியிருக்கிறாள். கதவைத் திறந்தவள் அவரைப் பார்த்ததும் கைப்பிடியை விடவில்லை. பிறகு நகர்ந்து வழிவிட்டாள். அவள் புருஷன் வேலைக்குப் போயிருந்தான். அவள் அலுவலகம் கிளம்பத் தயாராக, தோளில் பையோடு இருந்தாள். தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். உட்காரவில்லை.

"அம்மாவுக்கு ஒண்ணுமில்லையே?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல."

அத்தான் தண்ணீரைக் குடித்தார். "நான் எழுதினது உன்னைக் கஷ்டப்படுத்திடுச்சாம்மா?" என்றார்.

"எதை?"

"குறிப்புல. வெப்சைட்ல."

"வெப்சைட்டா? அதை இன்னுமா நடத்துறீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"நீ தினமும் ஆறு இருபதுக்கு..."

"நானா? நான் அதைக் கடைசியாப் பாத்தது என் கல்யாணத்தன்னிக்கு. பதிவு ஆபீஸ் வராண்டாவுல நின்னு பாத்தேன். நாலு டிகிரின்னு போட்டிருந்தீங்க. உறைபனின்னு ஒரு வார்த்தை இல்ல."

மாடிப்படியில் யாரோ செருப்புச் சத்தத்தோடு இறங்கிப் போனார்கள். குட்டி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். கோபத்தில் இல்லை, நிஜமாகவே அவளுக்கு நேரமாகிவிட்டது.

"கிளம்பணும்பா" என்றாள்.

மன்னிப்புக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் வந்தார். அது வாயில் வரவில்லை. "சரிம்மா, போ. இன்னிக்கு மழை இல்ல. குடை வேண்டாம்" என்றார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு முன்னால் இறங்கிப் போய்விட்டாள்.

அன்று ராத்திரி பஸ்ஸுக்காக நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் நான் சொன்னேன். முதலிலிருந்து கடைசிவரை, அக்கா கேட்டது, பிரஷ், பிளாஸ்டர் வாளி, எல்லாம். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீ கிண்டல் பண்ற ஆளாச்சே மாப்ள. நீ பாப்பேன்னு எனக்குத் தோணவே இல்லையே" என்றார். துணிப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "அப்போ மொட்டு, தவளை எல்லாம் நீதான் படிச்சியா?" என்றார்.

"ஆமா அத்தான்."

"ம். நல்லா இருந்துச்சா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர்தான் என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

பஸ் ஏறும்போது ஒன்று கேட்டார். "இனிமே காலையில பாக்காத மாப்ள. ஒண்ணுன்னு காட்டினா நீதான்னு தெரிஞ்சாலும் என் மனசு கிளம்பிடும்." சத்தியம் செய்து கொடுத்தேன்.

அவர் ஊருக்குப் போய்ச் சேர்ந்த காலைதான் உறைபனி விழுந்தது. பெட்டியைத் திறந்து எண்ணைப் பார்க்க அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாரே தவிர, வானத்தையும் காற்றையும் பார்த்து எச்சரிக்கை போட அவரால்தான் முடியும். முந்தைய மாலை வெப்சைட்டில் எச்சரிக்கை ஒன்றும் இல்லை. தோட்டக்காரர்கள் நிம்மதியாகப் படுத்துவிட்டார்கள். பள்ளத்துத் தோட்டக்காரர் ஒருவரின் ப்ளம் மரங்களில் பாதிப் பூ காப்பித்தூள் நிறத்துக்குக் கருகிவிட்டது. அவர் சண்டைக்கு வரவில்லை. "பரவாயில்ல டிகிரி சார். நீங்களும் ஒருநாள் வீட்டு வேலையாப் போகக்கூடாதா என்ன?" என்று மட்டும் சொன்னாராம். அதைத்தான் அத்தானால் தாங்க முடியவில்லை என்று அக்கா சொன்னாள். அன்று முதல் குறிப்புக் கட்டத்தில் 'இல்லை' என்று போட ஆரம்பித்தார்.

நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். காலையில் போனை அலமாரியில் வைத்துவிட்டுப் பல் தேய்த்தேன்.

பன்னிரண்டு நாள் கழித்து, காலை ஏழு மணிக்கு அத்தானிடமிருந்து போன். குரலே வேறு மாதிரி இருந்தது.

"மாப்ள, இன்னிக்கு நீ பாத்தியா?"

"எதை?"

"பக்கத்தை. உங்க ஊர்ல ஒண்ணுன்னு காட்டுது. ஆறு இருபதுக்கு இல்ல. ஆறே முக்கால். உண்மையைச் சொல்லு, நீயா?"

நான் பார்க்கவில்லை. ஆனால் அந்தக் குரலைக் கேட்டேன். மறுபடி பஸ் ஏறத் தயாராக இருந்த குரல் அது. யாரோ கை தவறித் தட்டியிருப்பான், ஏதாவது மெஷின் வந்து மோந்து பார்த்திருக்கும், இந்த மனிதர் அதைப் பிடித்துக்கொண்டு இன்னொரு ரெண்டரை வருடம் தொங்குவார், கடைசியில் இன்னொரு வீட்டு வாசலில் தலைகுனிந்து நிற்பார் என்று தோன்றியது. அந்த மூன்றாம் மாடியை இன்னொரு தடவை பார்க்க என்னால் முடியாது.

"நான்தான் அத்தான். பழக்கதோஷத்துல திறந்துட்டேன். மன்னிச்சிடுங்க" என்றேன்.

"ஓ" என்றார். "சரி சரி. பரவாயில்ல" என்று வைத்துவிட்டார்.

அன்று மத்தியானம் குட்டி பட்டறைக்கு வந்தாள். அலுவலகத்து அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது. டீ வேண்டாம் என்றாள்.

"அப்பாவுக்கு உடம்பு சரியில்லையா மாமா?"

"ஏன் கேக்குற?"

"அன்னிக்கு குடை வேண்டாம்னு சொல்லிட்டுப் போனாரே, மனசு கேக்கல. இன்னிக்குக் காலையில சும்மா அந்தப் பக்கத்தைத் திறந்தேன். குறிப்புல 'இல்லை'ன்னு போட்டிருக்கார். அந்தக் கட்டத்தை நான்தான் மாமா போட்டுக் குடுத்தேன். வெறும் நம்பரா இருந்துச்சு. அன்னிக்கு 'நான் எழுதினது'ன்னாரே, அவர் என்னதான் எழுதினார்?"

ரெண்டரை வருடக் குறிப்பு. தொள்ளாயிரத்துக்கு மேல் இருக்கும். அத்தனையும் அவளுக்கு எழுதியது, அத்தனையும் அழிந்துவிட்டது. தோட்டக்காரர்கள் எண்ணைப் பார்ப்பதோடு சரி. குறிப்பைத் தினமும் படித்த ஒரே பிரகிருதி நான். வாயில் நுரையோடு படித்தவன். யோசித்து யோசித்துச் சொன்னேன். பதினோரு மொட்டு. மாடிக் கதவு. தவளை. அவள் ஏழாம் வகுப்பில் சுவரில் கோடு போட்டு அளந்த உயரத்துக்கு ரோஜாச் செடி வந்துவிட்டது என்று ஒன்று. இப்படி ஒன்பதுதான் தேறியது. கடைசியாக அந்த மன்னிப்பு. அதை மட்டும் எழுத்துப் பிசகாமல் சொன்னேன்.

குட்டி மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதாள். "இப்ப போன் பண்ண முடியாது மாமா. அவர் குரலைக் கேட்டா அழுதுடுவேன். பாத்துட்டு இருக்கேன்னு மட்டும் சொல்லுங்க. அவர் எழுதட்டும். அப்புறம் பேசுறேன்" என்றாள்.

அவள் படியிறங்குவதற்குள் நான் போனை எடுத்துவிட்டேன். தலைகால் புரியாமல் கத்தினேன். "அத்தான், காலையில பாத்தது நான் இல்ல! குட்டி! சத்தியமா குட்டிதான்! இங்க வந்துட்டுப் போறா! நீங்க எழுதுங்க, அவ பாக்குறா!"

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது.

"மாப்ள, காலையில நீயே ஒத்துக்கிட்ட" என்றார், ரொம்பப் பொறுமையாக. "என் குரல் ஒரு மாதிரி ஆச்சுன்னு இப்ப எனக்காக இதைச் சொல்ற. வேண்டாம்டா. இன்னொரு தடவை ஏறி இறங்க எனக்குத் தெம்பு இல்ல."

எல்லா தெய்வத்தின் மேலும் ஆணையிட்டேன். திட்டினேன், கெஞ்சினேன். அக்காவை விட்டுச் சொல்லச் சொன்னேன், எடுபடவில்லை. குட்டியையே போன் பண்ணச் சொன்னால், "முதல்ல அவர் ஒரு வரி எழுதட்டும் மாமா" என்கிறாள். அத்தானோ கணக்குப் பக்கத்தை இனித் தான் பார்ப்பதில்லை என்று பாஸ்வேர்டை அக்காவிடம் மாற்றச் சொல்லிவிட்டார். அக்காதான் இப்போது பார்க்கிறாள். நகரத்திலிருந்து தினமும் ஒருவர். ஆறு இருபது என்று காட்டுகிறதாம். நேரத்தை நான்தான் குட்டியிடம் சொல்லியிருந்தேன். அக்கா அதை வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறாள்.

அத்தான் தலையிலிருந்து துண்டை அவிழ்த்து உதறிக்கொண்டே, "உன் தம்பிக்கு நல்ல மனசு" என்கிறாராம். பிறகு உட்கார்ந்து, ஒற்றை விரலால் எண்களைத் தட்டி, குறிப்பில் 'இல்லை' என்று போடுகிறார்.

குட்டி தினமும் அதைத்தான் படிக்கிறாள்.